மஞ்சள் தலைக்கவசத்தின் அன்பர்கள்

பந்தயப் பைத்தியம் என்று பெற்றோர் தம் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மோகங்கொண்ட இளைஞன் ஒருவன் வீட்டிலிருந்தால் அக்கடிந்துரை இன்னும் சற்று உரத்துக் கேட்கும். ஆயினும், நேரிற் பழகியறியாத ஒரு வீரன்மேல் ஒருவன் வைக்கும் பற்று அவனுக்கு எதனைக் கற்பிக்கின்றது என்பதை நாம் பொறுமையோடு ஆராய்தல் வேண்டும். அதற்கு மாண் தீவுப் பந்தயத்தையும், அங்கே இரசிகர்தம் உள்ளத்தில் இடம்பிடித்த ஜோயி டன்லொப்பையும் எடுத்துக்கொள்வோம்.

பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது மாண் தீவு. ரி. ரி. என்று சுருக்கமாக வழங்கும் பந்தயம் அங்கு 1907ஆம் ஆண்டு தொடங்கியது. 1911இல் ஸ்னேபெல் மலையில் ஏறியிறங்கும் பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் 60 கிலோ மீற்றருக்குச் சற்று அதிகம். வளைவுகளோ இருநூறுக்கு மேல். பந்தயத்துக்கென்றே அமைத்த ஓடுபாதை அன்று அது. மற்றை நாட்களில் ஊர்மக்கள் கடைக்கும் பாடசாலைக்கும் செல்லும் தெருவே பந்தய நாளில் அடைக்கப்பட்டு வீரரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இருமருங்கும் வீட்டு மதில்களும் கற்சுவர்களும் மரங்களும் நெருங்கி நிற்க, இக்காலத்துச் சிறந்த வீரர்கள் அச்சுற்றைப் பதினேழு நிமிடங்களுக்குள் முடித்துவிடுகின்றனர்.

இங்கே இரசிகனாயிருப்பது எளிதன்று. வீரர்கள் ஒருங்கே புறப்படுவதில்லை. பத்துப் பத்து விநாடி இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவர். ஆதலால், முன்னே வருபவர் முந்தி நிற்பவர் என்று கொள்ளுதல் தவறு. முதலாம் இலக்கத்தார் புறப்பட்டு இருபது விநாடிகளின் பின்னரே மூன்றாம் இலக்கத்தார் புறப்படுகின்றார். நம் எதிரே முன்னவர் கடந்து பதினைந்து விநாடியில் பின்னவர் கடந்தாரெனின், பின்னே வந்தவரே ஐந்து விநாடி முந்தியுள்ளார். மண்வேலிமேல் அமர்ந்து, ஒரு கையில் நேரங்காட்டியும் காதில் வானொலியுமாகக் கணக்குப் பார்ப்பவனே இப்பந்தயத்தைக் காண்கின்றான். மற்றையோர் காண்பது புழுதியும் புகையுமே. தன் வீரன் ஒரு கணம் தோன்றி மறைந்தபின், அவன் மீண்டும் வரும்வரை அத்தனை நிமிடங்களும் நெஞ்சு துடிக்கக் காத்திருத்தலும் அவன் பங்கு.

அவ்வாறு காத்திருந்தோர் பல்லாண்டுகளாகத் தேடியது ஒரு மஞ்சள் தலைக்கவசத்தை. அதனை அணிந்தவரே ஜோயி டன்லொப். 1952இல் வட அயர்லாந்தின் பாலிமனி என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அவ்வூரிலேயே மதுச்சாலை ஒன்றை நடத்தி வந்தவர். பெருநிறுவனத்தின் வண்டியை ஓட்டும் உயர்வு வந்த பின்னரும் இயந்திரத்தைத் தம் கையாலே கழற்றிப் பூட்டுவதில் இன்பங் கண்டவர். மேடையேறிப் பேசுவதென்றால் அவருக்குக் கூச்சம். 1977இல் மாண் தீவில் முதல் வெற்றியைப் பெற்றார். 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் போர்முலா வண் பிரிவில் உலக வாகையும் அவருக்கே கிட்டிற்று. 1985இல் அவர் பந்தயத்துக்குச் சென்ற படகு வழியிற் பாறையில் மோதி மூழ்கியது. உயிர்தப்பிய அவர், அவ்வாண்டே மாண் தீவில் மூன்று பந்தயங்களை வென்றார். 1993இல், மைக் ஹெயில்வூட் ஈட்டிய 14 வெற்றிகள் என்ற எல்லையையும் கடந்தார்.

இரசிகர்கள் அவரைப் போற்றியமைக்கு வெற்றி மாத்திரம் காரணமன்று. குளிர்காலத்திற் பந்தயங்கள் ஓய்ந்திருக்கும்போது, அவர் தமது வானில் உணவும் உடையும் ஏற்றிக்கொண்டு ருமேனியா, பொஸ்னியா முதலிய நாடுகளின் அநாதைச் சிறுவரை நாடித் தாமே ஓட்டிச் செல்வார். அத்தொண்டுக்காக 1996இல் பிரித்தானிய அரசின் விருதும் பெற்றார். வேகத்திற்காக அவரை விரும்பத் தொடங்கிய இளைஞன், அவரது நற்குணத்தையும் விரும்பக் கற்றுக்கொண்டான்.

2000ஆம் ஆண்டு ஜூனில், 48 வயதில், ஒரே வாரத்தில் மூன்று வெற்றிகளைப் பெற்று, மாண் தீவில் தம் வெற்றிகளை 26 ஆக்கினார். ஒரு மாதமும் நிறையவில்லை. ஜூலை 2ஆந் திகதி எஸ்தோனியாவின் தலின் நகரில், மழையில் நனைந்த பாதையில் 125 சீ. சீ. வண்டியை ஓட்டியபோது, வழுக்கி மரங்களில் மோதி உயிர்நீத்தார். பாலிமனியில் நடந்த இறுதிச் சடங்கிற்கு ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர். அந்தச் சிற்றூரின் சனத்தொகையிலும் அது பன்மடங்கு பெரிது.

இவ்விடத்தில், பெற்றோர் கேட்கும் வினாவை நாமும் கேட்டேயாக வேண்டும். மாண் தீவின் அம்மலைப்பாதை இதுவரை 250க்கு மேற்பட்ட வீரரைப் பலிகொண்டுள்ளது. டன்லொப் குடும்பத்திலேயே ஜோயிக்குப் பின், 2008இல் அவர் தம்பி ரொபர்ட்டும், 2018இல் ரொபர்ட்டின் மகன் வில்லியமும் அயர்லாந்தின் வீதிப் பந்தயப் பயிற்சிகளில் மாண்டனர். 1972இல் நண்பர் பார்லொட்டி மாண் தீவில் இறந்ததும், பத்துமுறை அங்கு வென்ற இத்தாலிய வீரர் அகொஸ்தீனி இனி அங்கு ஓடுவதில்லையெனத் துறந்தார். 1976க்குப் பின் உலக வாகைப் போட்டி என்ற தகுதியும் அப்பந்தயத்திடமிருந்து நீங்கியது. அப்படியாயின், வேலிமேல் நின்று கைதட்டுபவனுக்கு அம்மரணங்களில் பங்கில்லையா?

பங்கில்லை என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. வீரன் தானே விரும்பி ஏறுகின்றான் என்பது உண்மை. அவனை வாழ்த்தும் ஆரவாரமும் அவனை அழைக்கின்றது என்பதும் உண்மையே. ஆதலின் உண்மை இரசிகனுக்குக் கடன் உண்டு. மாண் தீவில் அக்கடனைத் தீர்ப்போர் பலர். பார்வையாளராக வந்தவர்களே பயிற்சி பெற்று, ஊதியம் ஏதுமின்றிப் பாதைக் காவலராக நிற்கின்றனர். கொடியசைத்து ஆபத்தை அறிவிப்பவரும், விழுந்தவரிடம் முதலில் ஓடுபவரும் அவர்களே. போதிய காவலர் இல்லையெனின் பந்தயமே தொடங்காது.

இளைஞர்க்கு மற்றுமொன்று சொல்வோம். வீரனைப் போற்றுதல் வேறு. பொதுத் தெருவில் அவனைப் போல ஓட முயலுதல் வேறு. டன்லொப் அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் ஆண்டுக்கணக்காகக் கற்றவர். அவர் ஓடும்போது எதிரே வண்டி வராது. அவ்வாறிருந்தும் அவருக்கு முடிவு அதுவாயிற்று. அவரிடம் பின்பற்றத் தக்கவை இயந்திரத்தைத் தன் கையாற் பேணும் கருத்தும், வெற்றியில் அடங்கியிருக்கும் பண்பும், எளியோர்பால் வைத்த இரக்கமுமே.

மாண் தீவின் மலைமேல், பங்களோ என வழங்கும் இடத்தில், வண்டிமேல் அமர்ந்து பாதையை நோக்கும் டன்லொப்பின் வெண்கலச் சிலை இன்று நிற்கின்றது. 2024 ஜூனில் ரொபர்ட்டின் மற்றொரு மகனாகிய மைக்கேல், பெரிய தந்தையாரின் 26 வெற்றிகளைக் கடந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் நிலைத்த பெருமை ஒருநாளில் மாறிற்று. ஆயினும், அம்மலைக்கு வரும் அன்பர்கள் அச்சிலையருகே நின்று தலைவணங்கியே செல்கின்றனர்.