பக்கத்துக் கடையில் வாங்கிய இருக்கை

சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய டிக்கெட்டின் 13 இலக்க எண் 603 என்று தொடங்குகிறது. மற்றவருடையது 125 என்று தொடங்குகிறது. 603 ஸ்ரீலங்கனுக்கு உரிய எண். 125 பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு உரியது. இரண்டாமவர் லண்டன் போய்வந்த பயணங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் புள்ளிகள் சேர்த்துவைத்து, அவற்றைக் கொடுத்து இந்தக் கொழும்பு இருக்கையை வாங்கியிருக்கிறார். அவருக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்தது ஒரு நிறுவனம், ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு நிறுவனம். மைல்களைக் கொண்டு கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறப்பதற்கான விதிகள் குழப்பமாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

தெருமுனை மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நமக்குக் கணக்கு உண்டு. முன்பணமும் கட்டி வைத்திருக்கிறோம். கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் பையனைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புவார். பக்கத்துக் கடைக்காரருக்கு நம் முன்பணத்தைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டு கடைக்கும் இடையே பேசி வைத்த விலை ஒன்று உண்டு, அது மட்டும்தான் அவருக்குக் கணக்கு. நாமே நேரில் போனால் அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் பண்டிகை நாளில் தானாக விற்றுப்போகும் சரக்கைப் பையனிடம் கொடுத்தனுப்ப மாட்டார். தேங்கிவிடும் என்று தோன்றுவதைத்தான் கொடுப்பார். விமான நிறுவனங்களுக்கு இடையே நடப்பதும் இதுவே. நம் மைல் கூட்டாளியிடம் போய்ச் சேர்வதில்லை. நம் நிறுவனம் மைலைக் கழித்துக்கொண்டு, கூட்டாளிக்குப் பேசிய தொகையைக் கொடுத்து நமக்காக ஓர் இருக்கை வாங்குகிறது.

மைல் திட்டங்கள் பெருகியது 1981-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களில் யுனைடெட்டும் வந்தது. எந்த நிறுவனமும் உலகம் முழுக்கப் பறப்பதில்லை என்பதால் கூட்டணிகள் உருவாயின: 1997-இல் ஸ்டார் அலையன்ஸ், 1999-இல் ஒன்வேர்ல்டு, 2000-இல் ஸ்கைடீம். 2014-இல் ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டிலும், இரண்டு மாதம் கழித்து ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸிலும் சேர்ந்தன. பாக் நீரிணையின் இரு கரைகளும் ஒரே ஆண்டில் வெவ்வேறு அணிக்குப் போய்விட்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டில்தான் இருக்கிறது; கொழும்புக்குப் போக ஏவியோஸ் உதவுவது இதனால்தான்.

கூட்டணியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஆனால் அது ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் அல்ல. கூட்டணிக்கு வெளியே தனி ஒப்பந்தங்களும் உண்டு: அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஒன்வேர்ல்டில் இருந்தாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடும் கூட்டு வைத்திருக்கிறது. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஆனால் குவான்டாஸுக்குக் கூட்டாளி. விமான எண்ணின் முன்னெழுத்தை நம்புவதும் ஆபத்து. ஒரு நிறுவனத்தின் எண்ணை ஒட்டிக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானம் பறக்கலாம். உண்மையில் யார் ஓட்டுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது இருக்கைக்கு வருவோம். மனம் நோவது பெரும்பாலும் இங்கேதான். காசு கொடுத்து வாங்க இருபது இருக்கைகள் காலியாக இருக்கும், மைலுக்கு ஒன்றுகூட இருக்காது. ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றும். விமானத்தின் இருக்கைகள் கணினியில் பல பெட்டிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஸ்டார் அலையன்ஸில் கூட்டாளிகளின் மைலுக்கென ஒதுக்கியவை எக்கானமியில் எக்ஸ், பிஸினஸில் ஐ, முதல் வகுப்பில் ஓ. அந்தப் பெட்டியில் எத்தனை போடுவது என்பதை விமானத்தை ஓட்டும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. நெடுந்தூர விமானங்களின் உயர் வகுப்பில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் தன் சொந்த உறுப்பினர்களுக்கு மட்டுமே இடம் தருகிறது. லுஃப்தான்ஸா முதல் வகுப்பைக் கூட்டாளிகளுக்குத் திறப்பதென்றால், கிளம்பும் நாள் நெருங்கிய பிறகே திறக்கும். எனவே தேடுவதற்கு ஏற்ற காலம் இரண்டு: ஏறத்தாழ பதினோரு மாதத்துக்கு முன், அட்டவணை திறந்த உடனே, அல்லது கடைசி இரண்டு வாரத்தில், விற்காது என்று நிறுவனமே முடிவுகட்டிய பிறகு. பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இரண்டாவது வழி உதவாது. முதல் வழியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விலையை வைப்பது நம் நிறுவனம். ஏவியோஸில் தூரம்தான் கணக்கு, அதுவும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக. சென்னை–கொழும்பு சுமார் 400 மைல். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அட்டவணையில் ஆகக் குறைந்த படியில் அடங்கிவிடும். இடையில் விமானம் மாறினால் இரண்டு படிகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் போன்ற திட்டங்களில் உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே மண்டலத்துக்கு மண்டலம்தான் விலை. இரண்டு மூன்று இடத்தில் மாறிப் போகிறவர்களுக்கு இரண்டாவது முறையே நல்லது. சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறினால் அது வெறும் மாற்றம். தாண்டினால் தங்கல் ஆகிவிடும். விதியும் மாறும், விலையும் மாறலாம்.

மைல் கொடுத்தால் இலவசம் என்ற நினைப்பைக் கலைக்கும் சமாச்சாரம் ஒன்று உண்டு. விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் எல்லோரும் கட்டுவது. அவற்றோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று நிறுவனமே சேர்க்கும் தொகையும் இருக்கிறது. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் லுஃப்தான்ஸா இருக்கையை அதன் சொந்தத் திட்டத்தின் மைலில் எடுத்தால் இந்தத் தொகை கனமாக விழும். அதே இருக்கையை யுனைடெட் மைலில் எடுத்தால் விழாது. ஏர் கனடாவும் இதைச் சுமத்துவதில்லை. ஒரு சிறு முன்பதிவுக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கிறது. எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பதும் முக்கியம். லண்டனில் பயணம் தொடங்குகிறவருக்கு பிரிட்டன் அரசு போடும் வரி, அங்கே இறங்கி உடனே வேறு விமானம் ஏறுகிறவருக்குக் கிடையாது.

கிரெடிட் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றும் வசதி இப்போது பலரிடம் இருக்கிறது. மாற்றியது மாற்றியதுதான், திரும்பி வராது. திரையில் இருக்கை தெரிகிறதே என்று அவசரப்பட்டு மாற்றிவிட வேண்டாம். பழைய தகவலைக் காட்டிக்கொண்டிருக்கும் கணினிகள் உண்டு. பெயர் எல்லாம் நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தும்போது இருக்கை மறைந்துவிடும். அதே இருக்கை வேறொரு கூட்டாளியின் தளத்திலும் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. யாருக்கு வாங்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. கிரிஸ்ஃபிளையரில் ஐந்து பேரை மட்டுமே நியமித்து வைக்க முடியும். அந்தத் திட்டத்தில் மைலின் ஆயுளும் பொதுவாக மூன்று ஆண்டுதான். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரியவருக்கான ஏவியோஸில் பத்தில் ஒரு பங்கு கேட்கும். வேறு சில திட்டங்களோ பணவிலையில் பத்தில் ஒரு பங்கு கேட்கும். பிஸினஸ் கிளாஸில் அது எக்கானமி டிக்கெட் விலையையே தொட்டுவிடலாம். பேரக்குழந்தையோடு வருகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு முன் ஏதாவது மாறினால் டிக்கெட் எண்ணின் தொடக்கத்தில் உள்ள அந்த மூன்று இலக்கத்துக்கே மறுபடியும் திரும்ப வேண்டியிருக்கும். என் அம்மா ஊர் திரும்ப வேண்டிய விமானத்தை, ஓட்டும் நிறுவனம் மூன்று மணி நேரம் தள்ளி வைத்தது. புதிய நேரம் முன்பதிவில் ஏறிவிட்டது. டிக்கெட் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றது. டிக்கெட்டை மாற்றி எழுத வேண்டியவர் வேறொருவர் ஆயிற்றே. கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "பெயர் இருக்கும்மா, டிக்கெட் இல்லை. எழுதிக் கொடுத்தவங்கதான் சரி பண்ணணும்" என்றார். அவர் சொன்னது சரி, அவரால் தொட முடியாத டிக்கெட் அது. வேறு நாட்டில் இருந்த நான் நள்ளிரவில் போனைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் டிக்கெட் எடுத்த அன்றே, எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் பி.என்.ஆரையும் (முன்பதிவு எண்) ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆரையும் கேட்டு வாங்கி, டிக்கெட் எண்ணோடு ஒரே தாளில் எழுதி அம்மா கையில் கொடுக்கிறேன். இரண்டாவது எண்ணை ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, இருக்கை உறுதியாகியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். நேரம் மாறியிருந்தால் அன்றைக்கே முதல் நிறுவனத்தைக் கூப்பிடுகிறேன்.