மருந்து காத்திருக்காது

அணு மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பில் சேர நினைப்பவர்கள் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கதிரியக்க மருந்தை நாமே கையாளப் பயிற்சி கிடைக்குமா? எக்ஸ்ரேயில் கதிர் கருவியிலிருந்து வருகிறது. பொத்தானை விட்டால் நின்றுவிடும். இங்கே கதிர் வருவது நோயாளியின் உடலுக்குள்ளிருந்து. எலும்பு ஸ்கேனுக்குச் செலுத்தும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெட் ஸ்கேனுக்கான ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில். நோயாளி தாமதமாக வந்தால் அளவை மறுபடி கணக்கிட வேண்டும். அதை மென்பொருளே செய்துவிடுமே என்பார்கள். செய்யும்தான். ஆனால் ஊசி இரத்த நாளத்தை விட்டு விலகி மருந்து சுற்றியுள்ள திசுவில் இறங்கினால், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர் அருகில் நிற்கும் தொழில்நுட்பர்.

கதிர்வீச்சு ஆபத்தில்லையா என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்தொழிலாளருக்கு விதித்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்; எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மார்பில் அணியும் டிஎல்டி பட்டை உடலில் படும் கதிரின் அளவைப் பதிவு செய்கிறது. ஆனால் பட்டை அளக்குமே தவிரக் காக்காது. காப்பது ஈயத் தடுப்பும், விலகி நிற்கும் தூரமும், வேலையைச் சட்டென முடிக்கும் கைப்பழக்கமும். வகுப்பறையில் மட்டும் படித்தவருக்கு அந்த வேகம் வராது. ஆகவே, அனுமதி பெற்ற அணு மருத்துவப் பிரிவு இயங்கும் மருத்துவமனையோடு இணையாத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.