அண்ணாமலையாரின் தை மாத ஆற்றுப் பயணம்

ஆற்றுப் பயணம் என்றதும் இன்றைய இளவட்டங்களின் மனம் அமேசானுக்கோ மீகாங்குக்கோ ஓடுகிறது; கொஞ்சம் கிட்டத்தில் என்றால் ஒகேனக்கல் பரிசல். திருவண்ணாமலையை யாரும் நினைப்பதில்லை. அது மலையூர், அக்கினித் தலம். ஆனால் இந்த ஊர்ச் சாமி அண்ணாமலையார்தான் ஆண்டில் மூன்று முறை ஆற்றங்கரைக்குப் புறப்படுகிறவர். தை 5ஆம் நாள் மணலூர்பேட்டைக்குத் தென்பெண்ணை காண, ரதசப்தமிக்குக் கலசபாக்கத்தில் செய்யாறு காண, மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு. மாசிப் பயணம் துக்கக் காரியம்: இந்த ஊரை ஒருகாலத்தில் ஆண்ட, பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு மகன் முறையில் நின்று திதி கொடுக்கிறார். தைப் பயணமோ முழுக்கக் கொண்டாட்டம். அந்தக் கும்மாளத்தை வெறும் கூத்து என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆற்றை மக்கள் மறக்காமல் இருப்பதே அந்தக் கும்மாளத்தால்தான் என்பது என் கட்சி.

நாளைத் தேர்ந்த கணக்கைப் பாருங்கள். கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் கடல் சேர்கிறது. வற்றாத ஜீவநதி இல்லை இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் வழக்கமாக வெள்ளம் வடிந்து மணல் வெளிப்பட்டிருக்கும், ஓரமாக நீர் ஓடிக்கொண்டும் இருக்கும். பொங்கல் அறுவடை முடிந்த ஓய்வும் சேர்ந்துகொள்கிறது. சாமியின் சூலத்தை ஆற்றில் முக்கித் தீர்த்தவாரி நடந்ததும் கூட்டமும் தண்ணீரில் இறங்கிவிடும். பிறகு மணலில் சோற்று மூட்டை அவிழ்ப்பு, வளையல் கடை, பொரி, ராட்டினம். அதே நாளில் கடலூர்ப் பக்கத்து ஆற்றுத் திருவிழாவில் சுருளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் ஏச்சு விழும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, மணல் எவ்வளவு குறைந்தது, எந்தத் துறையில் சாக்கடை கலக்கிறது என்பதெல்லாம் இப்படிக் கால் நனைத்தவர்களுக்குத்தான் தெரியும். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது.

பக்தியில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். சாமியே ஊர்விட்டு ஊர் போய் நீராடும்போது, கூடப் போன பிள்ளைகள் மட்டும் கைகட்டி நிற்க வேண்டுமா என்ன? ஆபத்து என்ற ஆட்சேபம் வேறு. அதை அப்படித் தள்ள முடியாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே இருந்த ஊர்கள் தத்தளித்தன. வெள்ளம் அரித்த இடத்திலும் மணல் அள்ளிய இடத்திலும் ஆளை விழுங்கும் பள்ளங்கள் கிடக்கும். அதற்காகத் திருவிழாவைச் சுருக்கினால் பள்ளம் தூர்ந்துவிடாது. கேட்க ஆளில்லாமல் இன்னும் ஆழமாகும். ஆழமான இடத்தில் கயிறு கட்டுவதும், அணை திறப்பை முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்வதும், நீச்சல் தெரிந்த ஆட்களை நிறுத்துவதும் பெரிய செலவில்லை. குப்பை பற்றிய புகார் மட்டும் முழு நியாயம். அதற்குப் பொறுப்பு போகிறவர்கள்தான்.

தை 5 பெரும்பாலும் ஜனவரி 18 அல்லது 19இல் வரும். திருவண்ணாமலையிலிருந்து மணலூர்பேட்டைக்குப் பஸ் உண்டு. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.