கூரைக் கரியருக்கும் பற்றரிக்கும் என்ன பகை?

2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை இலங்கை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்தது. பிவைடி அட்டோ 3 போன்ற மின்சார எஸ்யூவிகளுக்கு வழி பிறந்தது. திருகோணமலையில் ஒன்றை வாங்குபவருக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் கூரைக் கரியர்தான். பார்க்க மிடுக்கு. பற்றரிக்கோ பாரம்!

ஏன்? பெற்றோல் எஞ்சின் எரிபொருள் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. காற்றுத்தடையின் செலவு அந்தப் பெரிய இழப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மின்மோட்டாரில் வீணாவது சொற்பம். வேகமாக ஓடும்போது பற்றரி மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடுதான். வெறுங் கரியர்கூட அந்தக் காற்றைக் கலைத்துச் சுழல வைக்கும்.

வேகம் கூடினால் இன்னும் மோசம். தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 90க்குப் போனால் சுமார் 1.65 மடங்கு. கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகிறவருக்கு 70 தாண்டாதிருக்க வேறொரு காரணமும் உண்டு: யானைகள்.

யானையைக் கண்டு காலைத் தளர்த்தினால் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஓட்டத்தின் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பும். பற்றரி நிரம்பியிருந்தால் அதை வாங்க இடமில்லை. அப்போது மோட்டார் வண்டியைப் பின்னிழுத்து வேகம் குறைப்பது தளரும். பிரேக் பழுதென்று பதறவேண்டாம்.

சாமான் இல்லாத நாளில் கரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.