ஊர் திரும்பிய பின் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?

வீடு திருத்துதல், கிணறு இறைத்தல், காணி துப்புரவாக்கல் என உங்களுக்குப் பல வேலைகள் காத்திருக்கும். அவை முடியும் வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமாகும். அரச பாடசாலையில் கல்வி இலவசம். அனுமதிக்காகப் பணமோ அன்பளிப்போ கேட்க முடியாது.

ஆவணங்கள் தொலைந்திருந்தால்

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பிறப்புப் பதியப்படாதிருந்தால் அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். இடம்பெயர்ந்திருந்தபோது படித்த பாடசாலையில் விடுகைப் பத்திரம் வாங்க மறவாதீர்கள். ஏதாவது குறைந்தாலும் உடனே அதிபரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள்.

கிராமப் பாடசாலையா, நகரப் பாடசாலையா?

வகை 3 பாடசாலைகள் ஆரம்ப வகுப்புகளை அல்லது தரம் 8 வரையிலான வகுப்புகளைக் கொண்டவை. வகை 2 இல் தரம் 11 வரை படிக்கலாம். 1சி பாடசாலையில் உயர்தரக் கலை, வர்த்தகப் பிரிவுகளும், 1ஏபி இல் விஞ்ஞானப் பிரிவும் உண்டு. ஆகவே சிறு பிள்ளைக்கு ஊர்ப் பாடசாலையே போதும். பயணச் செலவும் களைப்பும் மிஞ்சும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு பாடசாலைக்கான ஆசிரியர் தொகை அங்குள்ள மாணவர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. வசதியுள்ளவர்கள் எல்லோரும் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பினால் ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களை இழக்கும். பஸ்ஸுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் அதனால் பாதிக்கப்படும். அயலவர்களுடன் பேசி, ஒன்றாகப் பிள்ளைகளைச் சேர்த்து, குறைகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுப்புங்கள்.

தரம் 1 அனுமதி

போட்டியுள்ள பாடசாலைகளில் பெரும் பங்கு இடங்கள் அருகில் வசிப்போருக்கே. வசிப்பிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் பார்க்கப்படும். இடம்பெயர்ந்தவர்கள் பின்தங்குவது இந்த இடத்தில்தான். எனவே திரும்பியவுடன் கிராம அலுவலரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முந்திய ஆண்டிலேயே கோரப்படும்.

அனுமதி மறுக்கப்பட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கோட்டக் கல்விப் பணிப்பாளரிடமும், தீராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் முறையிடுங்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தையும் நாடலாம். முடிவு வரும் வரை பிள்ளை அருகிலுள்ள பாடசாலையில் படிக்கட்டும், பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.