மதுரை பெயரில் ஒரு கால் நோய்

வெளிநாட்டு டாக்டர்கள் படிக்கிற புத்தகங்களிலும் நம்ம மதுரை இருக்கிறது, ‘மதுரா ஃபுட்’ என்ற நோயின் பெயரில். 1842-இல் கில் என்ற டாக்டர் மதுரையில் பதிவு செய்த நோய் இது. மருத்துவப் பெயர் மைசெட்டோமா.

வெறுங்காலில் முள் குத்தினால், அந்தப் புண் வழியே மண்ணிலுள்ள கிருமி உள்ளே போகும். மாதங்கள், வருடங்கள் கழித்துக் கட்டி வரும். பிறகு துளைகள் விழுந்து, சீழோடு சின்னச் சின்ன குருணைகள் வெளிவரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு விட்டுடறாங்க. அதற்குள் எலும்பு வரை போய்விடும்.

பாக்டீரியாவால் வந்தால் கோ-ட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் கேட்கும். ஆனால் மாதக்கணக்கில் எடுக்கணும். பூஞ்சையால் வந்தால் எத்தனை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் பூஞ்சை சாகாது. இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தும், பல நேரம் அறுவை சிகிச்சையும் வேண்டும். முற்றினால் காலையே எடுக்க நேரலாம்.

கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா. வெளிர் நிறம் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எனவே சதையைச் சோதித்த பிறகே மருந்து.

ஊரிலுள்ள அப்பா ‘கால்ல சின்னக் கட்டிதான்ப்பா’ என்றால், மருந்துக்கடை மாத்திரையோடு விடாதீர்கள். அவர் உங்களோடு இருந்தால், வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர் என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் தோட்டம், வயலில் செருப்போடு நடக்கட்டும்.