ஓட்டுநர் தேர்வு: எந்த அலுவலகத்தைத் தேர்ந்துகொள்வது?

பழகுநர் உரிமம் பெற்றவர், மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்டி, நிரந்தர உரிமம் பெறுவதற்கான தேர்வே ஓட்டுநர் தேர்வு. பேச்சு வழக்கில் எல்.எல்.ஆர். என்பது இந்தப் பழகுநர் உரிமத்தைத்தான். தேர்வை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் பகுதி அலுவலகங்களும் நடத்துகின்றன.

முன்பு, வசிக்கும் இடமோ தொழில் செய்யும் இடமோ பயிற்சி பெறும் ஓட்டுநர் பள்ளியோ எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தம், மாநிலத்திலுள்ள எந்த உரிம அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று இதை மாற்றியது. தென்காசியில் வீடும் சென்னையில் கல்லூரி விடுதியும் உள்ள ஒரு மாணவிக்கு இப்போது இரண்டு ஊரும் திறந்திருக்கின்றன. வேறு மாநிலம் என்றால், அங்கே வசிக்க வேண்டும், தொழில் செய்ய வேண்டும், அல்லது பயிற்சி பெறும் ஓட்டுநர் பள்ளி அங்கே இருக்க வேண்டும்.

நாள் கணக்கு

ஊரைத் தேர்ந்துகொள்ளும் முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் முடிந்த பிறகே தேர்வுக்குப் போக முடியும். தேர்ச்சி பெறாதவர் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

31ஆம் நாள் முதல் தேர்வுக்குச் செல்பவர் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை தவறினாலும், ஏறத்தாழ 105ஆம் நாள் நான்காம் முறை முயலலாம். உரிமம் அப்போதும் உயிரோடு இருக்கும். "செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று 150ஆம் நாள் வரை தள்ளிப்போடுபவருக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் முறை தவறும்போது 164 நாள் ஆகிவிடும். 60 நாள் காத்திருப்பு முடியும் முன்பே பழகுநர் உரிமம் காலாவதியாகிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி எளிதாக வந்துபோகக்கூடிய ஊர் எது என்பதே இதில் முதல் கேள்வி. பலர் இதைக் கேட்பதே இல்லை.

யாருடைய வண்டி?

தேர்வுக்கான வண்டியை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும். எந்த வகை வண்டிக்கு விண்ணப்பித்தாரோ அந்த வகையாக அது இருக்க வேண்டும். கியர் உள்ள இருசக்கர வண்டியில் தேர்ச்சி பெற்றவர் கியர் இல்லாததையும் ஓட்டலாம். ஸ்கூட்டரில் மட்டும் தேர்ச்சி பெற்றவர் கியர் வண்டியைத் தொட முடியாது.

கார் என்றால் இன்னொரு சிக்கல். பழகுநர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு தேர்வுக்குப் போவது சட்டப்படி தவறு. சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை வேண்டும், பக்கத்தில் உரிமம் உள்ள ஒருவரும் வேண்டும். பழகிய ஓட்டுநர் பள்ளி இருக்கும் ஊரில் இந்த ஏற்பாடு தானாக நடந்துவிடுகிறது. தெரியாத ஊரில் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு காரை வாடகைக்குப் பிடித்தால், அதன் கிளச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதே தெரியாமல் ஆய்வாளர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

'எளிதான' அலுவலகம்

அந்த ஊரில் எளிதாகத் தேர்ச்சி தருகிறார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. தேர்வில் பார்க்க வேண்டியவற்றை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆம் விதி நாடு முழுவதற்கும் ஒன்றாகவே சொல்கிறது: சைகை காட்டுதல், கண்ணாடி பார்த்தல், பின்னோக்கிச் செலுத்துதல், ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்புதல் முதலியன. இடத்துக்கு இடம் மாறுவது தரைதான். ஓரிடத்தில் போக்குவரத்து உள்ள சாலையில் ஓட்டச் சொல்வார்கள். வேறோரிடத்தில் தனித் தடம் இருக்கும். சில இடங்களில் கேமரா பொருத்திய கணினித் தடம். இருசக்கர வண்டிக்கு எட்டு போடுவது பெரும்பாலும் எங்கும் உண்டு. முன்கூட்டியே ஒரு நாள் போய்த் தடத்தைச் சுற்றிப் பார்ப்பது, தரகரிடம் விசாரிப்பதைவிடப் பயன் தரும். பெருநகரச் சாலையில் தினம் ஓட்டப்போகிறவர் அமைதியான சிற்றூரில் தேர்ச்சி பெற்று வந்தால், பதற்றம் தேர்வு நாளிலிருந்து வேலைக்குப் போகும் முதல் நாளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

தேர்வே வேண்டாமா?

அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றில் இலகுரக வாகனப் பயிற்சி மொத்தம் 29 மணி நேரம். அங்கே சோதனையில் தேறிப் படிவம் 5பி பெற்றவருக்கு அலுவலகத்தில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. சாதாரண ஓட்டுநர் பள்ளிகள் தருவது படிவம் 5. அதற்கு இந்த விலக்கு இல்லை. "எங்களிடம் சேர்ந்தால் டெஸ்ட் கிடையாது" என்று எழுதியிருக்கும் இடத்தில், பணம் கட்டும் முன் எந்தப் படிவம் தருவார்கள் என்று கேட்க வேண்டும்.

எந்த ஊரில் பெற்றாலும் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். உரிம எண்ணின் தொடக்கத்தில் மட்டும் அந்த அலுவலகத்தின் குறியீடு நிற்கும்: தென்காசி என்றால் 76, திருநெல்வேலி என்றால் 72.